சாயங்கால நெரிசலும் ரவுட்டர் பஃபரும்: கூடலூரில் அளந்து பார்த்த கணக்கு

ஒருவழியாக எங்கள் இன்டர்நெட் லைன் கட்டுக்குள் வந்துவிட்டது. இரவு 8 மணிக்கு, தெருவே வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், லோயர் கேம்ப்பில் எங்கள் கடைசி இணைப்பிலிருந்து சென்னைக்கு பிங் (சிறு டேட்டா ஒன்று போய்வர ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை) போட்டால் 24 மில்லி செகண்ட் காட்டுகிறது. இதே வீட்டில் இதே நேரத்தில் முன்பு வந்தது 640. இடையில் பேண்ட்வித் ஒரு எம்.பி. கூட அதிகமாக வாங்கவில்லை. பஃபர், அதாவது லைனில் இடம் கிடைக்கும்வரை டேட்டா வரிசையில் காத்திருக்கும் இடம், எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்ததில்தான் முக்கால்வாசி வேலை முடிந்தது. மீதி கால்வாசிக்கு மொட்டை மாடியில் ரேடியோ கம்பம் ஆடாமல் பிடிக்க ஸ்டே வயர் இழுக்க வேண்டியிருந்தது. சின்ன அளவில் லைன் நடத்துகிறவர்களுக்குப் பயன்படும் என்று, செய்த வரிசைப்படியே எழுதி வைக்கிறேன்.

தேனி மாவட்டம் கூடலூரில் கேபிள் நடத்துகிறேன். லோயர் கேம்ப்பைத் தாண்டி மலை ஏறினால் குமுளி, கேரளா. கேபிள் டிவியோடு இப்போது இன்டர்நெட்டும் கொடுக்கிறோம். மேலே ஒரு கம்பெனியிடமிருந்து 200 எம்.பி.பி.எஸ். ஃபைபரில் ஆபீசுக்கு வருகிறது. அங்கே ரவுட்டர் வேலை பார்ப்பது ஒரு பழைய ஐ3 டெஸ்க்டாப். லினக்ஸ் போட்டு, இரண்டு போர்ட் உள்ள இன்டெல் கிகாபிட் கார்டு ஒன்றைச் செருகியது. டவுனுக்குள் எல்லாம் ஃபைபர். லோயர் கேம்ப் பக்கம் மட்டும் ஆபீஸ் மாடியிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஜோடி வழியாகப் போகிறது.

எங்கள் ஊரில் நெரிசல் வரும் நேரம் கடிகாரம் மாதிரி மாறாது. ஏலத்தோட்ட வேலைக்கு விடியற்காலையில் ஜீப்பில் மலையேறிப் போகிறவர்கள் பொழுது சாய வீடு திரும்புகிறார்கள். திராட்சைத் தோட்டத்துக்காரர்களும் அப்போதுதான் உட்காருகிறார்கள். 7 மணி முதல் 10 மணி வரை லைன் தலைக்கு மேல் ஓடும். புகாரும் அந்த நேரத்தில்தான் வரும். ஏலக்காய் வியாபாரி ஒருவர் சொன்னது எனக்கு நல்ல தடயமாக இருந்தது: “தம்பி, ஸ்பீடு டெஸ்ட் போட்டா சொன்ன ஸ்பீடு வருது. மக கூட வீடியோவுல பேசுனா மூஞ்சி அப்படியே நின்னுபோகுது. பேசி முடிச்சப்புறம் குரல் வருது.”

வேகம் இருக்கிறது, குரல் பிந்தி வருகிறது என்றால் டேட்டா எங்கேயோ காத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். ஆபீஸ் ரவுட்டரில் ஒரு பக்கம் பெரிய ஃபைல்கள் சிலவற்றை டவுன்லோடு போட்டு லைனை நிரப்பினேன். இன்னொரு பக்கம் பிங்கை ஓட விட்டேன். சும்மா இருக்கும்போது சென்னைக்கு 14 மில்லி செகண்ட். லைன் நிரம்பியதும் படிப்படியாக ஏறி 460-இல் போய் நின்றது. லோயர் கேம்ப் முனையிலிருந்து பார்த்தால் 640. இத்தனைக்கும் ஒரு பாக்கெட்கூட (டேட்டா பயணிக்கும் சிறு துண்டு) தொலையவில்லை. இதைப் பார்த்து லைன் நல்லபடியாக இருக்கிறது என்று பலர் விட்டுவிடுவார்கள். நெரிசலில் பாக்கெட் தொலையாமல் இருப்பதுதான் இங்கே வியாதி. அனுப்பும் வேகத்தைத் தீர்மானிக்கும் டி.சி.பி. என்ற விதிமுறை தன் வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் பாக்கெட் தொலைவதைப் பார்த்துத்தான். பெரிய பஃபர் எல்லாவற்றையும் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டால் அனுப்புகிறவருக்கு நெரிசல் இருப்பதே தெரியாது. இன்னும் இன்னும் அனுப்பிக்கொண்டே இருப்பார்.

அடுத்து, எங்கே காத்துக் கிடக்கிறது? வழியில் எங்கெங்கே எவ்வளவு தாமதம் என்று காட்டும் எம்.டி.ஆர். நிரலை ஓட விட்டு ஒவ்வொரு ஹாப்பாக (இடையில் உள்ள ஒவ்வொரு கருவியாக) பார்த்தேன். இரண்டு இடம் தெரிந்தது. ஒன்று, மேலே இருக்கும் கம்பெனியின் கருவி. எங்களுக்கு 200 என்று அளந்து விடுவது அதுதான். அங்கே மட்டும் சுமார் 446 மில்லி செகண்ட். இரண்டாவது, எங்கள் ரேடியோ: 180. இந்தத் தாமதத்தை வேகத்தால் பெருக்கினால் பஃபரின் அளவு கிடைத்துவிடும். 200 எம்.பி.பி.எஸ். பெருக்கல் 0.446 செகண்ட் என்றால் சுமார் 89 மெகாபிட், அதாவது 11 மெகாபைட் பஃபர். ரேடியோ அப்போது 90 எம்.பி.பி.எஸ். தள்ளிக்கொண்டிருந்தது, 180 மில்லி செகண்டுக்கு 2 மெகாபைட். ஸ்பெக் ஷீட் எதுவும் கையில் இல்லாமலே யார் எவ்வளவு பஃபர் வைத்திருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து அளந்துவிடலாம். இந்த ஒரு கணக்கை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டாலே பாதிப் புகாருக்கு இடம் கண்டுபிடித்துவிடலாம்.

மேலே உள்ள கருவியில் எனக்குக் கை வைக்க முடியாது. அதனால் வரிசையை என் பெட்டிக்கு இழுத்து வருவதுதான் வழி. டவுன்லோடை என் ரவுட்டரின் உள்பக்கப் போர்ட்டில் 188 எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கட்டினேன்; அப்லோடை வெளிப்பக்கப் போர்ட்டில் அதே அளவுக்கு. 200-க்குச் சற்றுக் கீழே நான் நிறுத்திவிட்டால் மேலே இருக்கும் 11 மெகாபைட் பஃபர் நிரம்பாது. வரிசை இனி என் பெட்டியில்தான் நிற்கும், அதன் நீளமும் என் கையில். 12 எம்.பி.பி.எஸ். வீணாகிறதே என்று பக்கத்து ஊர் ஆபரேட்டர் அண்ணன் ஒருவர் கேட்டார். அதற்குக் கிடைப்பது 440 மில்லி செகண்ட். எனக்கு அது நல்ல வியாபாரம். 196 வரை ஏற்றியும் பார்த்தேன். அந்த அளவில் அவ்வப்போது மேலே பஃபர் நிரம்பித் தாமதம் எட்டிப் பார்த்தது. 188 உறுதியாக நின்றது.

இப்போதுதான் உண்மையான கேள்வி. என் பெட்டியில் எவ்வளவு வைப்பது?

லினக்ஸில் ஈதர்நெட் போர்ட்டுக்கு வழக்கமாக வருவது 1000 பாக்கெட். 1500 பைட் வீதம் 1.5 மெகாபைட், 12 மெகாபிட். 188-ஆல் வகுத்தால் 64 மில்லி செகண்ட் வர வேண்டும். அளந்தால் 290 வந்தது. கணக்கு எங்கே உதைக்கிறது என்று தேடியதில் பிடிபட்டது இது: கார்டிலிருந்து வரும் பாக்கெட்டுகளை லினக்ஸ் அடுத்தடுத்துச் சேர்த்து ஒரே கட்டாக்கிவிடுகிறது. ஜி.ஆர்.ஓ. என்பார்கள். சி.பி.யு. வேலை குறைய அது நல்லது. ஆனால் 64 கிலோபைட் வரை பெருத்த அந்தக் கட்டையும் வரிசை ஒரே பாக்கெட் என்றுதான் எண்ணும். டேட்டா வந்து சேர்ந்தது என்று பதில் சொல்லும் 40 பைட் ஒப்புகைப் பாக்கெட்டும் அதற்கு ஒன்று, 64 கிலோபைட் கட்டும் ஒன்று. 1000 என்று நான் எழுதியிருக்க, உள்ளே நிஜத்தில் 4,500 பாக்கெட்டுக்குச் சரக்கு நின்றிருக்கிறது. ஜி.ஆர்.ஓ.வை நிறுத்தலாம், சி.பி.யு. ஏறும். அதை விட்டுவிட்டு, பைட் கணக்கில் எல்லை வைக்கும் வரிசை வகைக்கு மாறினேன். 1.5 மெகாபைட் என்று வைத்ததும் 66 மில்லி செகண்ட் வந்தது. கணக்கும் அளவும் ஒன்றாயின. அன்றிலிருந்து பஃபரைப் பாக்கெட் எண்ணிக்கையில் யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. பைட்டில் எவ்வளவு, இந்த வேகத்தில் அது எத்தனை மில்லி செகண்ட் என்று மாற்றிப் பார்த்துத்தான் பேசுகிறேன்.

அளவுக்குப் பழைய விதி ஒன்று இருக்கிறது. வில்லமிசார், சாங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-இல் எழுதியது: லைன் வேகத்தைப் போய்வரும் நேரத்தால் பெருக்கு, அவ்வளவு பஃபர் வை. எங்கள் டிராஃபிக்கில் பெரும்பகுதி, நகல் எடுத்து வைத்திருக்கும் பக்கத்து கேஷ் சர்வர்களிலிருந்தே வருகிறது, கொஞ்சம் வெளிநாட்டிலிருந்து. சராசரி 40 மில்லி செகண்ட் என்று எடுத்தேன். 188 பெருக்கல் 0.04 என்றால் 7.5 மெகாபிட், சுமார் 940 கிலோபைட். இதை வைத்தால் நெரிசலில் 40 மில்லி செகண்ட் கூடும். 446-க்கு இது எவ்வளவோ தேவலாம்.

ஆனால் 2004-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து அப்பென்செல்லர், கெஸ்லாசி, மெக்கியோன் மூவரும் வெளியிட்ட ஆய்வு, பல ஓட்டங்கள் (ஒரு டவுன்லோடு, ஒரு வீடியோ என்று தனித்தனியாக ஓடும் டேட்டா) ஒரே லைனில் கலந்து ஓடும்போது அந்த அளவை ஓட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தாலே போதும் என்கிறது. ஓர் ஓட்டம் வேகம் குறையும்போது இன்னொன்று ஏறிக்கொண்டிருக்கும். ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். 50,000 ஓட்டங்கள் உள்ள 10 ஜிகாபிட் லைனுக்கு 10 மெகாபிட் பஃபரே போதும் என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். பெரிய முதுகெலும்பு ரவுட்டர்களுக்கான பேச்சு அது. எங்கள் கூடலூர் லைனுக்குப் பொருந்துமா என்று பார்க்க ஆசை.

இரவு 8 மணிக்கு ரவுட்டரின் இணைப்புப் பட்டியலில் ஆயிரக்கணக்கில் வரி ஓடும். அதில் பெரும்பாலானவை சும்மா திறந்து கிடப்பவை. தொடர்ந்து சரக்கு இழுப்பவற்றை மட்டும் பிரித்தால் 150 சொச்சம். வர்க்கமூலம் 12. 940-ஐ 12-ஆல் வகுத்தால் 78; வட்டமாக 80 கிலோபைட் வைத்தேன். 188-இல் அது வெறும் மூன்றரை மில்லி செகண்ட். லைன் பாதியாகிவிடும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். கிராஃப் 184-க்கும் 186-க்கும் இடையில் அசையாமல் ஓடியது. பிங் 18. முழுசாக நிரம்பிய 200 எம்.பி. லைனுக்கு 80 கிலோபைட் போதுமாக இருந்ததை என் கண்ணால் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. கொடைக்கானலில் எடுத்த ஒரு செல்ஃபோன் போட்டோகூட அதைவிடப் பத்து மடங்கு பெரியது.

அந்த அமைப்பை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் காலை பார்த்தேன். 11 மணிக்கு ஊரே தோட்டத்தில். ஒரு கல்லூரி மாணவர் ஐரோப்பாவிலிருந்து லினக்ஸ் இமேஜ் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார். லைன் காலியாக இருந்தும் அவருக்கு 118-ஐத் தாண்டவில்லை. போய்வர 150 மில்லி செகண்ட் ஆகும் ஒற்றை ஓட்டம். ஒரு பாக்கெட் தொலைந்ததும் அது வேகத்தைக் குறைக்கிறது, அந்தக் குழியை நிரப்ப 80 கிலோபைட்டில் சரக்கு இல்லை. பஃபரை 1.5 மெகாபைட்டாக்கினால் 180 வரை போகிறது. அதாவது இரவுக்குச் சரியான அளவு காலைக்குப் பற்றாது. காலைக்கு வேண்டிய அளவு இரவில் 60 மில்லி செகண்ட் தாமதமாகிறது. எந்த ஒரு எண்ணும் இரண்டு வேளைக்கும் ஒத்துவராது. வர்க்கமூலக் கணக்கே ஓட்டம் நிறைய இருந்தால்தான் பலிக்கும் என்று அந்த ஆய்விலேயே இருக்கிறது. அது என் லைனில் எப்படித் தெரிகிறது என்பதை இந்த ஒரு டவுன்லோடு காட்டிக்கொடுத்தது.

இந்த இடத்தில்தான் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் கொண்டுவந்த கோடெல் என்ற வரிசை நிர்வாக முறைக்கு மாறினேன். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. 100 மில்லி செகண்ட் இடைவெளி முழுக்க ஒரு பாக்கெட்கூட 5 மில்லி செகண்டுக்குக் கீழே கடக்கவில்லை என்றால் பாக்கெட்டுகளைத் தூக்கி எறியத் தொடங்குகிறது. திடீரென்று கூட்டம் வந்து கலைந்தால் கண்டுகொள்ளாது. கூட்டம் நிரந்தரமாகத் தேங்கினால் விடாது. குமுளி செக்போஸ்ட்டில் வண்டி வரிசையைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை: பத்து ஜீப் சேர்ந்தாற்போல வந்து நகர்ந்துவிடுவது வேறு, சபரிமலை சீசனில் வரிசை கலையவே மாட்டேன் என்பது வேறு.

லினக்ஸில் இதன் ஓட்டங்களைப் பிரித்து நடத்தும் வடிவம் அதன் மையப் பகுதியான கர்னலின் 3.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. 4.19-இல் வந்த கேக் என்ற வரிசை முறையை நான் எடுத்துக்கொண்டேன். காரணம், அது ஓட்டவாரியாக மட்டுமின்றி வீட்டுவாரியாகவும் பங்கு பிரிக்கும். 40 ஓட்டம் திறந்து டோரண்ட் இழுக்கும் வீடும் ஒற்றை வீடியோ காலில் இருக்கும் வீடும் நெரிசலில் சமபங்கு பெறும். பெருத்த கட்டுகளை அதுவே உடைத்துக்கொள்ளும் என்பதால் ஜி.ஆர்.ஓ. தொல்லையும் ஒழிந்தது. ஒன்று கவனிக்க வேண்டும்: வெளிப்பக்கப் போர்ட்டில் எல்லா வீடும் நேட் ஆகி (வீட்டு முகவரிகள் ஒரு பொது முகவரியாக மாற்றப்பட்டு) ஒரே ஐ.பி.யாகத் தெரியும். அங்கே நேட் பார்க்கும் விருப்பத்தைப் போட்டால்தான் வீட்டுவாரிப் பங்கு வேலை செய்யும். அப்லோடில் இது முக்கியம். ஏலக்காய் ஸ்டோர் ஒன்றின் எட்டு சிசிடிவி கேமராக்கள் ராத்திரி பகலாகப் படத்தை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். அவற்றின் பின்னால் மற்றவர்களின் ஒப்புகைப் பாக்கெட்டுகள் மாட்டினால் டவுன்லோடும் சேர்ந்து படுத்துவிடும்.

கேக் போட்ட பிறகு ஆபீஸ் பக்கம் இரவு பிங் 17 முதல் 20. காலை ஒற்றை டவுன்லோடு 165. 180 வரவில்லைதான். அந்த 15-ஐ நான் விட்டுக்கொடுக்கச் சம்மதம். சி.பி.யு. ஒரு கோரில் கால்வாசியைத் தாண்டவில்லை.

மிச்சம் ரேடியோ. இதில்தான் கை வலித்தது. ரேடியோவுக்குள்ளே இருக்கும் 2 மெகாபைட்டை மாற்ற அதன் மெனுவில் இடமில்லை. அங்கேயும் 188 மாதிரி ஒரு வேகக் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் எவ்வளவு? காற்றில்லாத நாளில் லிங்க் 105 தள்ளும். 90-இல் கட்டினேன், அழகாக இருந்தது. ஆடிக் காற்று கிளம்பியதும் ரேடியோ நிற்கும் கம்பமான மாஸ்ட் ஆடி, ரேட் 60-க்கு விழுந்தது. 90 என்று நான் அனுப்ப, 60 மட்டும் வெளியே போக, மீதி எல்லாம் ரேடியோ பஃபரில். 2 மெகாபைட்டை 60-இல் காலி செய்ய 270 மில்லி செகண்ட் ஆகும். பஃபர் மாறவே இல்லை, வேகம் இறங்கியதாலேயே தாமதம் ஒன்றரை மடங்கு. நிரந்தரமாக 55-இல் கட்டினால் அமைதியான நாள்களில் பாதி லிங்க் வீண்.

முதலில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். 2 செகண்டுக்கு ஒருமுறை எதிர்முனை ரேடியோவுக்கு பிங் போடும். 15 மில்லி செகண்டைத் தாண்டினால் கேக்கின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைக்கும். நன்றாக இருந்தால் 1 எம்.பி.பி.எஸ். வீதம் ஏற்றும். வேலை செய்தது. ஆனால் காற்று அடித்தடித்து ஓயும்போது வேகமும் ஊஞ்சலாடியது, வீடியோ தரம் மங்கி மங்கித் தெளிந்தது. ஆடுவது மாஸ்ட். அதை நிறுத்தாமல் மென்பொருளில் எவ்வளவு செய்தாலும் ஒட்டுப்போட்ட மாதிரிதான்.

மாஸ்ட் ஒன்றரை இன்ச் ஜி.ஐ. பைப், 20 அடி, அடியில் மட்டும் கிளாம்ப். உச்சியில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாகக் காலர் போட்டு, மூன்று திசைக்கு ஸ்டே வயர் இழுத்தோம். காற்று மலைப்பக்கத்திலிருந்து வருவதால் ஒரு வயரை அந்தத் திசைக்கு நேராக வைத்தோம். மற்ற இரண்டும் அதிலிருந்து சம கோணத்தில். ஒவ்வொரு வயருக்கும் அதை முறுக்கி இறுக்க ஒரு டர்ன்பக்கிள். முதலில் ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் பைப் வில்லாக வளைந்துவிடும்; மூன்றையும் மாற்றி மாற்றி அரைச் சுற்றாக இறுக்க வேண்டும். நான் கீழே லேப்டாப்பில் சிக்னலைப் பார்த்துச் சொல்ல, கூட இருந்த பையன் மேலே முறுக்கினான். “அண்ணே, போதுமா?” என்று அவன் கேட்கும்போதெல்லாம் சிக்னல் ஒரு டி.பி. (டெசிபெல்) ஏறி இறங்கியது. விரலால் தட்டினால் மூன்று வயரும் ஏறக்குறைய ஒரே சத்தம் கொடுக்கும்வரை இறுக்கினோம். அதன்பின் காற்று நாளிலும் ரேட் 85-க்குக் கீழே இறங்கவில்லை. கேக்கை 80-இல் கட்டினேன். ஸ்கிரிப்ட் காவலுக்கு மட்டும் ஓடுகிறது. அபூர்வமாகத்தான் கை வைக்கிறது.

செலவு: பழைய மார்க்கெட்டில் வாங்கிய இன்டெல் கார்டு 1,800 ரூபாய், எஸ்.எஸ்.டி. 1,400. ஸ்டே வயர், காலர், டர்ன்பக்கிள், ஆங்கர் போல்ட் எல்லாம் சேர்த்து 2,650, வெல்டருக்கு 600. மொத்தம் 6,450. இந்தப் பிரச்சினைக்கு எனக்கு முதலில் சொல்லப்பட்ட மருந்து 300 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மாறச் சொல்வது. மாறியிருந்தால் மாதாமாதம் காசு போயிருக்கும், நெரிசல் நேரத்தில் அந்த 300-ம் நிரம்பும்போது அதே 11 மெகாபைட் அங்கே காத்திருக்கும்.

அடுத்த முறை சிலவற்றை மாற்றிச் செய்வேன். மாஸ்ட்டை முதலில் கட்டிவிட்டு அப்புறம் அளப்பேன். ஆடும் லிங்க்கில் எடுத்த எண்களில் பாதி பயன்படவில்லை. நிலையான பஃபரில் ஒவ்வொரு அளவாகப் போட்டுப் பார்த்த வேலையை விடமாட்டேன், அதில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஆனால் வாடிக்கையாளர் லைனில் செய்யாமல் ஆபீசில் இரண்டு பி.சி. வைத்து, செயற்கையாக 40-ம் 150-ம் மில்லி செகண்ட் தாமதம் சேர்த்து வேகம் அளக்கும் ஐபெர்ஃப் நிரலில் ஓட்டுவேன். பழைய 460, 640 அளவுகளைக் காகிதத்தில் எழுதி வைத்ததற்குப் பதில் கிராஃபாகச் சேமித்திருக்கலாம். மேலே உள்ள கம்பெனியிடம் பேசும்போது கேட்கிறார்கள்.

கம்பம்மெட்டு ரோட்டுப் பக்கம் ஒரு புதிய லிங்க் போட ஆள்கள் கேட்டிருக்கிறார்கள். ரேடியோ வாங்கும்போது இந்த முறை கடைக்காரரிடம் கேட்க வேண்டியதை எழுதி வைத்திருக்கிறேன்: உள்வரிசையின் அளவைக் குறைக்க மெனுவில் இடம் இருக்கிறதா, இல்லையா.